சினாப்ஸை இழுத்துப் பிடிக்கும் புரதங்கள்

மூளையில் ஒரு நியூரான் (நரம்புச் செல்) இன்னொன்றுக்குச் செய்தி சொல்லும் இடம் சினாப்ஸ். அங்கே இரண்டுக்கும் நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. அனுப்பும் நியூரான் வேதிப்பொருளை அதில் கொட்டும். எதிர்ப்பக்கத்து ஏற்பிகள் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் விலகாமல் நேருக்கு நேர் நிற்கச் செல் ஒட்டு மூலக்கூறுகள் என்ற புரதங்கள் வேண்டும்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்ட ஜோடி நியூரெக்ஸினும் நியூரோலிஜினும். பிளாக் விடோ சிலந்தியின் நஞ்சு நரம்பு முனையில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடிப்போனதில்தான், 1992இல் நரம்பியல் விஞ்ஞானி தாமஸ் சூடாஃப் குழுவிடம் நியூரெக்ஸின் அகப்பட்டது. அது அனுப்பும் பக்கத்தில் இருப்பது. பெறும் பக்கத்திலிருந்து அதோடு கைகோத்துக்கொள்வது நியூரோலிஜின்.

2000இல் வந்த ஒரு சோதனை பலரையும் அசத்தியது. நியூரானே அல்லாத செல்களில் நியூரோலிஜினை உருவாக வைத்தார்கள். அவற்றைத் தொட்ட நரம்பிழைகள், எதிரே நியூரான் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, வேதிப்பொருள் பைகளைக் குவித்து அனுப்பும் முனையைக் கட்டத் தொடங்கிவிட்டன!

சரி, அப்படியானால் நியூரோலிஜின் இல்லாவிட்டால் சினாப்ஸே இருக்காதா? 2006இல் நியூரோலிஜினின் முதல் மூன்று வகைகளும் நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்தவுடன் மூச்சுவிட முடியாமல் இறந்தன. ஆனால் அவற்றின் மூளையில் சினாப்ஸ்களின் எண்ணிக்கை குறையவில்லை. இணைப்பு இருந்தது, செய்திதான் சரியாகப் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக முக்கியமான முடிவு இதுதான். வெறும் பசை என்று நினைத்தவை, செய்தியின் அளவையே தீர்மானிக்கின்றன.

எப்படி? நியூரோலிஜினின் வால் செல்லுக்குள் நீண்டு, ஏற்பிகளைத் தாங்கும் புரதங்களைப் பிடித்திருக்கிறது. நியூரெக்ஸின் தன் பக்கத்தில் கால்சியம் வாயில்கள் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது. கால்சியம் உள்ளே வந்தால்தான் பைகள் திறக்கும். எந்த நியூரோலிஜின் என்பதும் முக்கியம். முதல் வகை இருப்பது அடுத்த நியூரானைத் தூண்டும் சினாப்ஸ்களில், இரண்டாம் வகை பெரும்பாலும் அதை அடக்கும் சினாப்ஸ்களில்.

2003இல் ஆட்டிசம் உள்ள சகோதரர்கள் இருந்த ஒரு ஸ்வீடன் குடும்பத்தில், மூன்றாம் வகை நியூரோலிஜினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது தெரியவந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் இந்த மாற்றம் மிக அரிது. அப்புறம் எலிகளில் அதே மாற்றத்தைப் புகுத்தினார்கள். மூளைப் புறணியில் அடக்கும் சைகை கூடியது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலோ தூண்டும் சைகை கூடியது.