ரெஃபரெண்டம்: பொது வாக்கெடுப்பு

ஒரு விஷயத்தை ஆட்சியில் இருப்பவர்களே முடிவு செய்துவிடாமல், "சம்மதமா, இல்லையா?" என்று வாக்காளர்களிடம் நேரடியாகக் கேட்பது ரெஃபரெண்டம். இது லத்தீன் சொல். 'ரெஃபெர்ரே' என்றால் திரும்பக் கொண்டுபோவது. அதிலிருந்து வந்த ரெஃபரெண்டத்துக்கு 'கொண்டுபோய் வைக்கவேண்டியது' என்று பொருள்.

தமிழில் பொது வாக்கெடுப்பு என்பதே பொருத்தம். இலங்கையில் சர்வஜன வாக்கெடுப்பு என்பார்கள். நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க 1982 டிசம்பரில் அங்கே ஒன்று நடந்தது. கருத்துக்கணிப்பு என்று மட்டும் எழுதக்கூடாது. கணிப்பு சிலரைக் கேட்டு ஊர் மனதை ஊகிப்பது, அது யாரையும் கட்டுப்படுத்தாது.

நாடு பிரிவது போன்ற பெரிய முடிவுக்குத்தான் இது என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் ரயில் பாதை போடவும் சாலையை அகலப்படுத்தவும் கூட மக்களிடம் வருகிறார்கள். திட்டத்தோடு அதற்கான வரியையும் சேர்த்தே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே மெஷர், பிராபசிஷன் என்று பெயர். தமிழில் முன்மொழிவு எனலாம்.

சியாட்டில் வட்டாரத்தைப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் ஆகிய மூன்று கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) பொதுவான போக்குவரத்து அமைப்பு சவுண்ட் டிரான்சிட். அதன் முதல் திட்டத்தை 1995-இல் மக்கள் நிராகரித்தார்கள். சுருக்கிக் கொண்டுவந்ததும் 1996-இல் ஏற்றார்கள். 2007-இல் சாலைகளையும் ரயிலையும் ஒரே முன்மொழிவாகக் கட்டி வைத்தார்கள். வரி கூடும் என்று சிலர் எதிர்த்தார்கள். ரயிலை விரும்பிய சூழல் ஆர்வலர்களில் ஒரு பகுதியினர், சியரா கிளப் உட்பட, சாலை விரிவாக்கம் கூடவே வருகிறதே என்று எதிர்த்தார்கள். தோற்றுப்போனது. அடுத்த ஆண்டே சாலையைக் கழற்றிவிட்டு, ரயிலுக்கும் பேருந்துக்கும் விற்பனை வரியில் அரை சதவீதம் கூடுதலாகக் கேட்டார்கள், கிடைத்தது. அந்த 2008 வாக்கில் அடங்கிய லின்வுட் ரயில் பாதை 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. வாக்களித்தவர் 16 ஆண்டு வரி கட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை நீண்ட பொறுப்பை ஒருவர் தலையில் ஏற்றும்போது அவரைக் கேட்பதுதான் நியாயம் என்பேன்.

எத்தனை பேர் சம்மதித்தால் நிறைவேறும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட வரிக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது வழக்கமான விதி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் போக்குவரத்துக்கான அரை சதவீத விற்பனை வரியை மேலும் 30 ஆண்டுகள் நீட்டிக்க 2012-இல் மெஷர் ஜே வந்தது. ஆதரவு 66.1 சதவீதம். தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஆனாலும் தோல்விதான். புதிய திட்டப்பட்டியலோடு 2016-இல் மெஷர் எம் என்று மறுபடி மக்களிடம் போனார்கள். அப்போது 71 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்.