ஜி.பி.எஸ். என்று எதைச் சொல்கிறோம்? இடங்காட்டி, வழிகாட்டி, தடங்காட்டி

சேலத்தில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய், “அண்ணா, ஜி.பி.எஸ். இருக்குங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “வண்டி எங்க நிக்குதுன்னு பாக்கறதா, வழி பாக்கறதாங்க?” என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர்போன ஊர்கள். அங்கே ஜி.பி.எஸ். என்றால், லாரி எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று வீட்டில் இருக்கும் ஓனருக்குச் சொல்கிற சின்னப் பெட்டி. குடும்பத்தோடு ஏற்காடு கிளம்புகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரில் அழைக்கிறோம். அவற்றைத் தமிழில் தனித்தனியாகச் சொல்லிப் பழகினால், எதை வாங்குவது என்பதிலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஜி.பி.எஸ். ‘குளோபல் பொசிஷனிங் சிஸ்டம்’ என்பதன் சுருக்கம் அது. பொசிஷனிங் என்றால் இருக்கும் இடத்தைக் கணிப்பது, அவ்வளவுதான். வழி சொல்வது அதன் வேலை இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் தொடங்கிய திட்டம் இது. முதல் செயற்கைக்கோள் 1978-இல் மேலே போனது, 1995-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து நம் இடத்தைச் சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது நம் கையில் இருக்கும் கருவிதான். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள்கள் போதும் என்று தோன்றும். ஆனால் கருவியின் சாதாரணக் கடிகாரத்தைச் சரிசெய்ய நான்காவதும் தேவைப்படுகிறது. கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். கோள்களில் அணுக் கடிகாரம் வைத்திருப்பது அதனால்தான்.

ஆகவே ஜி.பி.எஸ்ஸுக்கு ‘புவியிடங்காட்டி’ என்று தமிழில் வழங்கும் சொல் பொருத்தமானது. பேச்சில் ‘இடங்காட்டி’ என்றாலே போதும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாமே இடங்காட்டிகள்தான். நம் இஸ்ரோவுக்கும் ஒன்று உண்டு. அதன் முதல் கோள் 2013-இல் ஏவப்பட்டது, 2016-இல் ‘நாவிக்’ என்று பெயர் வைத்தார்கள். நாவிகன் என்றால் வடமொழியில் கப்பலோட்டி.

நேவிகேஷன் என்ற சொல்லும் கப்பலில் இருந்து வந்ததுதான். லத்தீனில் ‘நாவிஸ்’ என்றால் கப்பல், ‘அகெரே’ என்றால் ஓட்டு, செலுத்து. இரண்டும் சேர்ந்து ‘நாவிகாரே’ ஆனது. இதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: நாவாய் ஓட்டு. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோரைப் பற்றிப் பாடும்போது ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்றே சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது. நாவாய்க்கும் நாவிஸுக்கும் என்ன உறவு என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். கருத்து ஒன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் காரில் வைக்கும் கருவிக்கு என்ன சொல்? ‘வழிச்செலுத்தி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் அது சரி. காரில் ஸ்டியரிங் நம் கையில் இருக்கிறது, கருவி எதையும் செலுத்துவதில்லை. எனவே என் தேர்வு ‘வழிகாட்டி’. வழியைக் காட்டுவது என்று இரண்டாம் வேற்றுமை தொக்கி நிற்பதால் வல்லினம் மிகாது, ‘வழிக்காட்டி’ என்று எழுதுவது பிழை. மற்ற வழிகாட்டிகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வண்டி வழிகாட்டி’ எனலாம்.

இந்த வேலை தமிழுக்குப் புதிதும் இல்லை. ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துவதுதான். ஆறு என்பது வழி. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்பும் மலைபடுகடாம், மலைப்பாதையில் எங்கே என்ன ஆபத்து என்று வரிசையாகச் சொல்கிறது. காட்டுப்பன்றிக்கு அஞ்சிக் கல்லால் பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறது. நல்ல வழிகாட்டி என்பது இடம் வலம் சொல்வதோடு நிற்பதில்லை. அந்த மண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதைத்தான். இடங்காட்டிச் சில்லு இன்று எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது, வேறுபாடு வரைபடத்தில்தான். அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேல் ரோடும் கீழ் ரோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்; மலைச்சரிவு ஒருபக்கம் வானத்தை மறைக்கும். அப்போது திரையில் உள்ள அம்பு கீழ் ரோட்டுக்குத் தாவி, அடுத்த வளைவில் திரும்ப மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். சேலம் அஞ்சு ரோடு ஈரடுக்கு மேம்பாலத்திலும் இதே சிக்கல்தான். கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருப்பதால் உயரக் கணக்கில் பிசகு கூடுதலாக வரும், மேல் தளமா கீழ் தளமா என்று கருவி தடுமாறும். ஜி.பி.எஸ்ஸோடு நாவிக், கலிலியோ போன்றவற்றையும் பிடிக்கிற கருவி என்றால் இந்தத் தடுமாற்றம் குறையும், முழுக்கப் போகாது.

அப்புறம் ஆஃப்லைன் வரைபடம். இடம் அறிய இன்டர்நெட் தேவையே இல்லை, வரைபடம் இறங்கத்தான் தேவை. மலையில் சில இடங்களில் டவர் கிடைக்காது. போனையே வழிகாட்டியாக வைத்துக்கொள்பவர்கள் சேலத்திலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. கார்மின், டாம்டாம் போன்ற தனிக் கருவிகளில் வரைபடம் உள்ளேயே இருக்கும். ஆனால் இந்திய வரைபடம் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், அதற்குத் தனிக் காசா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது. மழைக்காலத்தில் மண் சரிந்து அடிவாரப் பாதையை மூடினால் வண்டிகளை ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். அந்தச் சேதி இன்டர்நெட் இல்லாத கருவிக்கு எட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எப்போதாவது மலை ஏறுகிறவருக்கு நல்ல ஸ்டாண்டில் பொருத்திய போனே போதும் என்பேன். தினமும் வண்டி ஓட்டுகிறவருக்குத் தனிக் கருவியோ பெரிய திரையுள்ள ஸ்டீரியோவோ தேவைப்படலாம்.

லாரி ஓனர் கேட்கும் பெட்டிக்குத் ‘தடங்காட்டி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். வண்டி போன தடத்தை வேறொருவருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. உள்ளே ஓர் இடங்காட்டியும் சிம் கார்டும் இருக்கும், பெரும்பாலும் திரை இருக்காது. திரை இல்லை என்றால் அது நீங்கள் தேடுகிற வழிகாட்டி இல்லை.

கடையில் நின்றபடியே ஒன்றைச் செய்து பார்த்துவிடுங்கள். ஏற்காடு என்று எல்லாக் கருவிக்கும் தெரியும். அந்த மலையில் உள்ள சின்ன ஊர்களான கொட்டச்சேடு, நாகலூர், வெள்ளக்கடை என்று அடித்துப் பாருங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊரைக் காட்டி, குப்பனூர்ப் பாதையையும் இன்னொரு வழியாகத் தந்தால் தாராளமாக வாங்கலாம்.