பழைய போனைக் கொடுத்துவிடும் முன்: செயலிகளின் பழைய பதிப்புகள் குறித்து

கைபேசி சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை, பழைய போனில் இருந்த அதே செயலி, அதே பதிப்பில் வேண்டும் என்பது. கேட்பவர்களில் சிறு கடைக்காரர்கள் அதிகம். இணையம் இல்லாமலே பற்று வரவு எழுத உதவிய கணக்குச் செயலி, புதிய பதிப்பில் உள்நுழைவும் மாதச் சந்தாவும் கேட்கிறது என்பது அவர்கள் குறை, நியாயமான குறைதான். ஆனால் எங்களிடம் வருவதற்குள் பழைய போன் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும்.

புதிய போன் "செயலிகளை நகலெடுக்கவா?" என்று கேட்பதால், இருந்தது இருந்தபடி வந்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கின் பேக்கப்பிலிருந்து வருவது செயலிகளின் பட்டியலும், உருவாக்கியவர் அனுமதித்திருந்தால் செயலி ஒன்றுக்கு 25 எம்பி வரையிலான தரவும் மட்டுமே. செயலி ப்ளே ஸ்டோரிலிருந்து அன்றைய பதிப்பாகவே இறங்கும். ஐபோனில் வழி இன்னும் குறுகல்; கணினியில் செயலிகளைச் சேமித்துவைக்கும் வசதியை ஐடியூன்ஸ் 12.7 பதிப்பு 2017-இலேயே நீக்கிவிட்டது. ஆகவே மேற்கொண்டு சொல்வது ஆண்ட்ராய்டுக்கு.

பழைய போன் கையில் இருந்தால், நிறுவிய செயலியின் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவ உதவும் கோப்பை, அதிலிருந்தே எடுக்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ப்ளே ஸ்டோரில் 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகள் ஆப் பண்டிலாகவே (ஒவ்வொரு போனுக்கும் தேவையான துண்டுகளை மட்டும் ப்ளே ஸ்டோர் பிரித்து அனுப்பும் தொகுப்பாக) ஏற்றப்பட வேண்டும் என்பதால், இன்று பல செயலிகள் போனில் ஒரே கோப்பாக இருப்பதில்லை. அடிப்படைக் கோப்பு ஒன்று, திரைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, புராசஸருக்கு ஒன்று என்று துண்டுகளாக இருக்கின்றன. அடிப்படைக் கோப்பை மட்டும் புளூடூத்தில் அனுப்பி நிறுவினால், நிறுவ முடியவில்லை என்ற அறிவிப்பு வரும், அல்லது திறந்தவுடன் மூடிக்கொள்ளும். எல்லாத் துண்டுகளையும் சேர்த்தெடுத்தாலும் அவை பழைய போனின் புராசஸருக்கு உரியவை. 2022-இல் வந்த பிக்சல் 7 போன்ற 64 பிட் மட்டுமே ஏற்கும் போன்களில் பழைய வகை புராசஸருக்கான 32 பிட் செயலி ஓடாது.

மிகப் பழைய செயலிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய முறைக்காக எழுதப்பட்டவற்றை ஆண்ட்ராய்டு 14 நிறுவவிடாது. ஆண்ட்ராய்டு 15 அந்த எல்லையை 7-க்கு உயர்த்தியது. ஒவ்வோர் அனுமதியையும் பயனரிடம் தனித்தனியாகக் கேட்கும் முறை ஆண்ட்ராய்டு 6-இல்தான் வந்தது என்பதும், அதைத் தவிர்க்கவே தீம்பொருள்கள் பழைய செயலி வேடம் போட்டன என்பதும் இதற்குக் காரணம். ஏற்கெனவே செயலி இருக்கும் போனை 14-க்கு உயர்த்தினால் அது தொடர்ந்து ஓடும், புதிய போனில் நிறுவும்போதுதான் மறுக்கப்படும். போனில்தான் கோளாறு என்று சண்டைக்கு வருபவர்களிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வரிசையும் முக்கியம். முதலில் செயலிக்குள்ளேயே உள்ள பேக்கப் வசதியால் தரவை வெளியே எடுத்துக் கணினியில் வையுங்கள். புதிய போனை அமைக்கும்போது நகலெடுக்கும் பட்டியலில் அந்தச் செயலியின் தேர்வை நீக்கிவிட்டு, ப்ளே ஸ்டோரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திய பிறகே பழைய பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பு முந்திக்கொண்டால் அதன்மேல் பழையதை நிறுவ முடியாது. அதை நீக்கினால் அதிலுள்ள தரவும் போய்விடும்.

இணையத்தில் கிடைக்கும் ஏபிகேயை நான் எவருக்கும் நிறுவித் தருவதில்லை. ஒரு செயலி ஏற்கெனவே இருக்கும்போது, வேறு கையொப்பமுள்ள (உருவாக்கியவரை அடையாளம் காட்டும் டிஜிட்டல் முத்திரை மாறிய) கோப்பை அதன்மேல் நிறுவ ஆண்ட்ராய்டு மறுத்துவிடும். புதிய போனிலோ ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது எதுவும் இல்லாததால், யாரோ திருத்திக் கையொப்பமிட்ட கோப்பு தடையின்றி உள்ளே வந்துவிடக்கூடும். வங்கி, யுபிஐ செயலிகளில் பழைய பதிப்பு என்ற பேச்சே வேண்டாம். அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை நாமே திறந்துவைப்பதாகும் அது.

இத்தனைக்கும் பிறகு செயலி ஓடாவிட்டால், எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தொகையை விட்டுவிட்டுப் பழைய போனையே கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்வது உசிதம். சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்து, தரவை வாரம் ஒருமுறை கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றிவந்தால் போதும். எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி மட்டும் வைக்க வேண்டாம், பழைய பேட்டரி உப்பிவிடக்கூடும்.