மூலநிரல் கசியாது

வெளிநாட்டு வீடியோ கேம் நிறுவனம் ஒன்றின் கணினிக்குள் எவனோ புகுந்து சோர்ஸ் கோடை அள்ளிக்கொண்டு போகிறான். மறுநாள் தமிழில் செய்தி வருகிறது: 'மூலக் குறியீடு கசிந்தது.' இதில் குறியீடும் பிழை, கசிந்ததும் பிழை. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பொறுக்கவே கூடாது என்பது என் கட்சி.

சோர்ஸ் கோடு என்பது நிரலாளர் தன் கைப்பட எழுதும் வரிகள். காசு கொடுத்து கேம் வாங்குகிறவருக்கு அந்த வரிகள் கிடைப்பதில்லை. அவற்றைக் கம்பைலரில் போட்டு, எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிய கோப்புதான் கிடைக்கிறது. அந்தக் கோப்புக்குப் பிறப்பிடம் என்பதால் மூலம். மூலப்பத்திரம் என்கிறோமே, அதே மூலம்தான். நிரல் என்றால் வரிசை. செய்யுளுக்குப் பொருள் கொள்ள நன்னூல் சொல்லும் எட்டு முறைகளில், சொற்களை வரிசையாக நிறுத்தும் நிரனிறையும் ஒன்று. கட்டளைகள் வரிசையில் நிற்பதால் புரோகிராமுக்கு நிரல் என்று பெயர் வைத்தார்கள், அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆக, மூலநிரல்.

ஆங்கிலத்தில் 'கோடு' (code) என்று எங்கே கண்டாலும் 'குறியீடு' என்று போடுவது மொழிபெயர்ப்புப் பொறியின் பழக்கம். இப்போது மனிதர்களுக்கும் அது தொற்றிவிட்டது. அஞ்சல் குறியீட்டு எண் சரி. கவிதையில் வரும் குறியீடும் சரி. அங்கெல்லாம் ஒன்று இன்னொன்றைச் சுட்டி நிற்கிறது. மூலநிரலின் வரி அப்படி எதையும் சுட்டிக்கொண்டு நிற்பதில்லை, 'இதைச் செய்' என்கிறது. 'குறிமுறை' என்பாரும் உண்டு. கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் எழுத்துக் குறிமுறைக்கு (என்கோடிங்) அந்தச் சொல் தேவைப்படுகிறது, அங்கேயே இருக்கட்டும்.

சரி, கசிவுக்கு வருவோம். ஈரம் தானாக ஊறி வெளியே வருவது கசிதல். சீர்காழிச் சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து' என்று பாடியதும் நெஞ்சு தானே உருகுவதைத்தான். ஆங்கிலத்து 'லீக்' இரண்டு பக்கமும் வேலை செய்யும்: தானாக ஒழுகினாலும் லீக், ஒருவன் வேண்டுமென்றே வெளியே விட்டாலும் லீக். தமிழில் அந்த வசதி கிடையாது. செய்தவன் ஒருவன் இருந்தால் 'கசியவிட்டான்' என்று சொல்லியாக வேண்டும். நம் இலக்கணம் குற்றவாளிக்கென்று ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறார்.

டெல்டாக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகும் நாளில் கரையின் வெளிப்பக்கம் ஈரம் பூத்தால் அது கசிவு. மணல் மூட்டை அடுக்குவார்கள். கரையே போய்விட்டால் உடைப்பு. ராத்திரியில் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் கரையைக் கொத்தித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினால்? 'வெட்டிவிட்டான்' என்பார்கள், விடிந்ததும் பஞ்சாயத்து கூடும். 'தண்ணீர் கசிந்துவிட்டது' என்று அங்கே ஒருவர் எழுந்து சொன்னால், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

விஷவாயு கசிந்தது என்றால் பொருள் உண்டு. வினாத்தாள் கசிந்தது என்கிறார்களே, தாளில் ஏது ஈரம்? பிள்ளைகள் 'கொஸ்டின் பேப்பர் அவுட்' என்பது இதைவிடத் தேவலாம்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கேம் செய்யும் ஆசையுள்ள கும்பகோணத்துப் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "கசிஞ்சு கிடக்கறதத்தானே சார் எடுத்துப் பாக்கறோம், நாமளா திருடினோம்?" அவன் யோசனை இந்தச் சொல்லிலிருந்து வந்தது.

நடந்தவற்றைப் பார்த்தால் எதுவும் ஊறி வந்ததில்லை. 2003இல் 'ஹாஃப்-லைஃப் 2' கேமின் மூலநிரலை ஒரு ஜெர்மன் இளைஞர் வால்வ் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்து எடுத்தார். 2021 பிப்ரவரியில் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் நிரல்களை எடுத்தவர்கள் பணம் கேட்டு மிரட்டினார்கள். 2022இல் ராக்ஸ்டார் என்ற கேம் நிறுவனத்துக்குள் புகுந்த பிரிட்டன் பையன் ஓட்டல் அறையில் இருந்த டிவி, டிவியில் செருகும் ஒரு ஃபயர் ஸ்டிக், ஒரு கைபேசி இவற்றை வைத்தே வேலையை முடித்தான். இவ்வளவு மெனக்கெட்ட ஆளை ஒரு வினைச்சொல்லில் காணாமல் அடிப்பது நியாயமா?

நம் சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் 2008 திருத்தம் சேர்த்த உட்பிரிவு, சேதம் விளைவிக்கும் எண்ணத்தோடு மூலநிரலைத் 'திருடுவது' என்றே பேசுகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. பதிப்புரிமைச் சட்டமோ கணினி நிரலை இலக்கியப் படைப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. (நம் இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) இறக்கிப் பார்த்த மாணவனைத் திருடன் என்பது மிகை, ஒப்புக்கொள்கிறேன். அவன் செய்தது பதிப்புரிமை மீறல். ஆனால் அதற்கும் விலை உண்டு. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடவைக்கும் வைன் திட்டம், விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர்களிடமிருந்து பங்களிப்பே வாங்குவதில்லை. பார்த்த கண்ணால் எழுதினால் அது நகலா சொந்தச் சரக்கா என்று யார் நிரூபிப்பது?

பழைய கேம்கள் அழிந்துபோகாமல் காக்க மூலநிரல் வேண்டாமா என்று கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. விற்பனைக்கு வந்த கேமைப் பிரித்துப் பார்த்து, மூலநிரலைத் தாங்களே புதிதாக எழுதிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் வழக்கு வரும். ஆனாலும் அது வேறு வேலை, அதற்கு வேறு பெயர் வேண்டும்.

கசிவு பிடிக்காத சிலர் 'மூலநிரல் வெளியீடு' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இது இன்னும் மோசம். வெளியீடு என்றால் உரியவர் முன்வந்து கொடுப்பது. 1997இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' மூலநிரலை ஊருக்கே கொடுத்ததே, அது வெளியீடு. எடுத்தது அந்நியன் என்றால் 'மூலநிரல் களவு' என்று எழுதுங்கள். உள்ளே வேலை பார்ப்பவர் கொடுத்தால் 'கசியவிட்டார்'. நிறுவனமே கதவைத் திறந்து போட்டிருந்தால் மட்டும் 'கசிவு'. 2021 அக்டோபரில், கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் ட்விட்ச் தளத்தின் விவகாரத்தில் சர்வர் அமைப்பில் நேர்ந்த பிழை வழியாக வெளியாள் எடுத்துவிட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. அங்கே கசிவும் உண்டு, களவும் உண்டு. இரண்டையும் எழுத ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.