பிராக்கெட் ஏன் ஓரத்திலேயே பிய்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவர் படத்தோடு எழுதியிருந்தார். சக்லேஷ்பூர் சேற்றுப்பாதைக்காக உயர்த்திக் கட்டிய பிக்கப் வண்டி. பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தாங்கும் பிராக்கெட் இரண்டாவது முறையாகப் பிய்ந்துவிட்டது. "இந்தத் தடவை 10 மி.மீ. தகடு போட்டேன் சார், அப்பவும் ஏன்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெல்டிங் கல் மாதிரி நிற்கிறது. விரிசல் அதன் ஓரத்தை ஒட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் 3 மி.மீ. தகட்டில் ஓடியிருக்கிறது.

ஷாக் அப்சார்பர் எண்ணெயைச் சிறு துளைகளில் தள்ளிக் குலுக்கலை வெப்பமாக்குகிறது, தெரிந்ததுதான். அந்த விசை முழுவதும் பிராக்கெட் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது. கரடுமுரடான பாதையில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 தடவை துள்ளும். 28 மணி நேரம் ஓட்டினால் 10 லட்சம் இழுப்பு. சின்ன இழுப்பே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பு அறும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளில் சோதித்துக் காட்டிவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஷாம்பு பாக்கெட்டை வெட்டுள்ள ஓரத்தில் பிடித்தால் சட்டென்று கிழிகிறது இல்லையா? விசை அந்த நுனியில் குவிகிறது. தகடு முடிந்து வெல்டிங் மேடு எழும்பும் மூலையும் அப்படித்தான். போதாததற்கு, சுமார் 1,500 டிகிரியில் உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த இடம் வீணைத் தந்தி போல இழுபட்டே இருக்கிறது. பிராக்கெட்டைத் தடியாக்கினால் அது வளையாது, வளைய வேண்டிய பாரம் மொத்தமும் மெல்லிய சேஸிஸின் அந்த ஒற்றைக் கோட்டில் வந்து விழும். விலை கூடிய எஃகு வாங்கியும் பெரிய லாபமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தாராளம் உண்டு. வெல்டிங் ஓரத்தில் விசையைப் பாதியாக்கினால் ஆயுள் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது! அதற்கு, பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, சேஸிஸின் கனத்திலேயே, சீட்டுக்கட்டு டைமன் வடிவில் ஒரு தகடு வையுங்கள். வெல்டிங் சேஸிஸுக்கு நேர்க்குறுக்கே ஓடாமல் சாய்வாக ஓடும், பாரமும் பரவி இறங்கும். அப்புறம் ஓரத்தைக் கிரைண்டரால் பதமாக வழித்துவிடுங்கள். வண்டியை உயர்த்தியதற்கு ஆர்.டி.ஓ. என்ன சொல்வார் என்பது தனிக்கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளவும்.

பூஜை போடாமல் வண்டியை எடுத்ததுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்களாம். டயருக்கடியில் எலுமிச்சை வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. குனிந்ததுதான் குனிந்தீர்கள், பிராக்கெட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கலாசிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவர், வெல்டிங் ஓரத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுவார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுவார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமுடி கனத்துக்கு ஒரு ஈரக்கோடு மெதுவாக எழும்.