மவுத் ஓர்கன்: உதடு துளையைப் பிடிக்கும், நாக்குதான் ஸ்வரத்தை வளைக்கும்

மவுத் ஓர்கன் பழகும் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் முதலில் படும் பாடு ஒன்றுதான். ஒரு துளையில் ஊதினால் பக்கத்துத் துளையும் சேர்ந்து கத்தும். உடனே உதட்டை இறுக்கிக் குவிப்பார்கள். ஒற்றை ஸ்வரம் வரும், ஆனால் நோஞ்சானாக வரும். உதட்டின் ஈரமான உள்பக்கம் படும்படி கருவியை உள்ளே வாங்கி, தாடையைத் தளர்த்திப் பாருங்கள். துளையும் தனியாகும், ஒலியும் தடிக்கும்.

இன்னொரு வழி, வாயால் நாலு துளைகளை மூடி, இடப்பக்கத்து மூன்றை நாக்கால் அடைப்பது. வலது ஓரத் துளை மட்டும் ஒலிக்கும். நாக்கை எடுத்தால் நாலும் சேர்ந்து முழங்கும். பக்கத்தில் தப்பு அடிக்க ஆள் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். நாக்கை எடுத்து எடுத்து வைத்தாலே தாளம் வந்துவிடும்.

சரி, ஸ்வரத்தை வளைப்பது, அதாவது அதன் சுருதியைக் கீழே இறக்குவது எப்படி? பத்துத் துளைக் கருவியில் ஒவ்வொரு துளைக்கும் காற்றில் அதிரும் மெல்லிய தகடுகளான ரீட்கள் இரண்டு, ஊதுவதற்கு ஒன்று, மூச்சை உள்ளே இழுப்பதற்கு ஒன்று. நாலாம் துளையில் ஊதினால் ச, இழுத்தால் சதுஸ்ருதி ரி, அதாவது மேல் ரி. இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பகுதியைப் பின்னுக்கு நகர்த்தினால் வாய்க்குள் இருக்கும் காற்றறையின் அதிர்வு தாழும். இழுப்பு ரீட் அந்தப் பக்கம் சாயும், சும்மா இருந்த ஊதும் ரீட்டும் அதிரத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து சுத்த ரிஷபத்தை, அதாவது கீழ் ரியைத் தரும். கருவியிலேயே இல்லாத ஸ்வரம் அது! மூன்றாம் துளையில் இன்னும் வசதி. அங்கே ஊதினால் ப, இழுத்தால் காகலி நி, அதாவது மேல் நி. நடுவில் இருக்கும் கைசிகி நி (கீழ் நி), இரண்டு தைவதங்கள் (மேல் த, கீழ் த) என மூன்றையும் வளைத்தே எடுக்கலாம். அதற்குக் கீழே போகாது, ஊதும் ரீட்டின் சுருதிதான் எல்லை. பலமாக உறிஞ்சுவதால் எதுவும் நடக்காது, நாக்கு இடம் மாற வேண்டும்.

இரண்டாம் துளையை இழுத்தால் பலருக்குச் சத்தமே வராது. ரீட் போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் தொண்டை இறுகியிருக்கும். கொட்டாவி விடுவதுபோல் திறந்து, மெதுவாக இழுத்தால் போதும்.

அப்புறம் குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். விடியற்காலையில் கருவியை எடுத்து அப்படியே ஊதினால், மூச்சின் ஈரம் குளிர்ந்த பித்தளை ரீட்களில் நீராகப் படிந்து அவற்றை ஒட்டவைக்கும். வாசிக்கும் முன் கொஞ்ச நேரம் சுவெட்டர் பையில் வைத்துச் சூடேற்றுங்கள். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி ஈரத்தை உதறிவிடுங்கள்.