எட்டுப் பேர் அமரும் மேசை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் என்ற கடலோர ஊர். 2013-ஆம் ஆண்டு, வார இறுதி நாள். நாட்டின் அரசியலமைப்பைத் திருத்துவது பற்றிப் பேச அரசு கூட்டிய மாநாட்டுக்காக, அங்குள்ள ஓட்டலின் பெரிய கூடத்தில் வட்ட மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. மேசைக்கு ஏறத்தாழ எட்டுப் பேர். அவர்களில் இரண்டு மூன்று பேர் பதவியில் இருக்கும் அரசியல்வாதிகள். மற்றவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய் வரும் சாதாரண மக்கள். மேசையில் யாருக்கும் மேடை கிடையாது. அரசியல்வாதியும் தன் முறை வரும்வரை காத்திருந்துதான் பேச வேண்டும்.

மக்களுக்கும் தலைவர்களுக்கும் இடையே அறுந்துபோன நம்பிக்கையை மறுபடி முடிச்சுப் போடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு, நான் முதலில் காட்ட விரும்புவது இந்த மேசையைத்தான். நம்பிக்கையைப் பற்றி நாம் பெரும்பாலும் மனத்தின் குணமாகவே பேசுகிறோம்: நல்ல தலைவர் வந்தால் வரும், கெட்டவர் வந்தால் போகும் என்று. அயர்லாந்து அதை ஒரு பொறியைப் போல அணுகியது. எந்தப் பாகத்தை எங்கே பொருத்தினால் அது ஓடும் என்று சோதித்துப் பார்த்தது.

அந்த நாடு அப்போது இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தன. அவற்றின் கடனுக்கு அரசு பொறுப்பேற்றது, அதாவது மக்கள் தலையில் விழுந்தது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கையேந்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், நாட்டை நீண்ட காலம் ஆண்ட ஃபியன்னா ஃபாயில் கட்சி எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 20 இடங்களுக்குச் சரிந்தது. ஆனால் ஆட்சி மாறியதும் கோபம் தானாக அடங்கிவிடும் என்று எண்ண இடமில்லை.

2011-இல் டேவிட் ஃபேரல், ஜேன் சூட்டர் உள்ளிட்ட அரசியல் அறிவியலாளர்கள் ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். குலுக்கல் முறையில் எடுத்த சாதாரண மக்களை ஒரு வார இறுதியில் கூட்டி, விவரம் கொடுத்து, பேசவிட்டார்கள். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய கருத்துகளை அளந்து, கூட்டத்துக்கு வராதவர்களின் கருத்துகளோடு ஒப்பிட்டார்கள். வந்தவர்களின் கருத்துகள் நகர்ந்திருந்தன, அரசியலில் அக்கறையும் கூடியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பின்னர் 2012 டிசம்பரில் அரசே அரசியலமைப்பு மாநாட்டைத் தொடங்கியது. உறுப்பினர்கள் நூறு பேர்: குடிமக்கள் 66, அரசியல்வாதிகள் 33, தலைவர் ஒருவர்.

66 குடிமக்களும் விண்ணப்பித்து வந்தவர்கள் அல்லர். வயது, ஆண்-பெண், வட்டாரம், சமூக நிலை ஆகியவற்றில் நாட்டின் சாயல் தெரியும்படி, ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தைக் கொண்டு குலுக்கல் போலத் தற்செயலாகத் தேடி அழைக்கப்பட்டவர்கள். தாமாக வருபவர்களை மட்டும் சேர்த்தால், ஏற்கெனவே சினம் கொண்டவர்களும் கட்சிக்காரர்களுமே கூடத்தை நிரப்புவார்கள். குலுக்கலின் அருமை நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடத்தில் போட்ட ஓலைகளை ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது. நிலமும் கல்வியும் உள்ள ஒரு சிறு வட்டத்துக்கே அந்த வாய்ப்பு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் ஒதுக்கி வைக்கிறது. குலுக்கல் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இனி மேசை. ஒரே கருத்துடையவர்கள் கூடிப் பேசினால் அந்தக் கருத்து இன்னும் முறுகிப்போகும் என்பதைக் குழு உளவியல் 1960களிலிருந்தே ஆராய்ந்து வந்திருக்கிறது. வேறுபட்டவர்கள் கலந்து அமர்ந்து, அனைவரும் ஒரே விவரத்தைப் படித்து, பயிற்சி பெற்ற வழிநடத்துநர் ஒருவர் பேச்சை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும்போது அந்த முறுக்கம் தளர்கிறது. மாலஹைடில் மேசைக்கு ஒரு வழிநடத்துநரும் ஒரு குறிப்பெடுப்பவரும் இருந்தார்கள். நிபுணர்களும் இரு தரப்பு அமைப்புகளும் பேசிய பொது அமர்வுகள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாயின. மேசைப் பேச்சு ஒளிபரப்பாகவில்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பார்வையாளர் இருந்தால் அரசியல்வாதி கட்சிக்காகப் பேசுவார், எதிரில் இருப்பவர் கைதட்டலுக்காகப் பேசுவார். கேமரா இல்லாத இடத்தில் “நான் இதை இப்படி யோசித்ததில்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் எதையும் இழப்பதில்லை. நாகரிகமான பேச்சுக்கு நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை, இடத்தின் அமைப்பும் அதை வரவழைக்கும்.

ஒரு தபால்காரரின் கதை அங்கிருந்து வெளியே வந்தது, அவரே பின்னாளில் பலரிடம் சொன்னது. தன்பாலினத்தவர் மீது ஆழமான வெறுப்போடு வந்தவர் அவர். தன்பாலின ஈர்ப்புள்ள இளைஞர் ஒருவரோடு ஒரே மேசையில் அமர நேர்ந்தது. பேச்சு வளர்ந்தது, வெறுப்பு கரைந்தது. தன்பாலினத் திருமணம் விவாதத்துக்கு வந்தபோது அவர் கூடத்தில் எழுந்து, தான் ஆதரிப்பதாகச் சொன்னார். 2013 ஏப்ரலில் மாநாட்டின் 79 சதவீத வாக்குகள் அதற்கு ஆதரவாக விழுந்தன. 2015 மே 22-இல் நாடு முழுக்க நடந்த பொது வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள்.

அரசியல்வாதிகள் இருந்தால் அவர்களே வாயடித்து எல்லோரையும் தம் பக்கம் இழுத்துவிடுவார்கள் என்ற அச்சம் தொடக்கத்தில் பலமாக இருந்தது. ஃபேரல் குழுவினர் இதையும் ஆராய்ந்தார்கள். வந்த அரசியல்வாதிகளிடம் சற்றே தாராளவாதச் சாய்வு இருந்தது, ஆனால் கூட்டத்தை அவர்கள் அடக்கி ஆண்டதற்குச் சான்றில்லை.

இப்படி எடுத்த முடிவைத் தோற்ற தரப்பினரும் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள்? இதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர், போலீஸ், நீதிமன்றம் ஆகியவற்றோடு சிகாகோ மக்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார். தீர்ப்பு தமக்குச் சாதகமா என்பதைவிட, தம் தரப்பைக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, பாரபட்சம் இல்லாமல் முடிவெடுத்தார்களா என்பவையே அந்த அமைப்புகளின் மீது மக்கள் வைத்த மதிப்பைப் பெரிதும் தீர்மானித்தன. வழக்கில் தோற்றவரும் முறை நேர்மையானது என்று உணர்ந்தால் தீர்ப்பை மதிக்கிறார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ராபர்ட் ஃபோல்கர் 1970களில் செய்த சோதனைகள் அதைக் காட்டின. கருத்தைக் கேட்டுவிட்டு, கேட்டதன் தடம் முடிவில் தெரியாமல் போனால், கேட்காமலே முடிவெடுத்ததைவிட அதிகக் கசப்பு ஏற்படலாம். மனுவை வாங்கி அடுக்கி வைக்கும் எந்த அலுவலகத்தின் வாசலில் நின்றவருக்கும் இது விளங்கும். போலியாகக் கேட்பது, கேட்காமல் இருப்பதைவிடத் தீங்கானது.

இதனால்தான் அயர்லாந்துப் பொறியின் மிக முக்கியமான பாகம் கூடத்துக்கு வெளியே இருந்தது என்று நான் கருதுகிறேன். மாநாட்டின் ஒவ்வொரு அறிக்கைக்கும் நான்கு மாதங்களுக்குள் பதில் சொல்வதாகவும், நாடாளுமன்றத்தில் விவாதிப்பதாகவும், ஏற்றுக்கொண்ட திருத்தங்களுக்குப் பொது வாக்கெடுப்புக்கான காலத்தைக் குறிப்பதாகவும் அரசு வாக்குக் கொடுத்தது. ஏற்க மறுக்கும் உரிமை அரசுக்கு இருந்தது, மௌனமாக இருக்கும் உரிமை இல்லை. மக்கள் தலைவர்களை நம்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். இங்கே முதலில் நம்பியது அதிகாரம் உள்ளவர்கள். முன்பின் தெரியாத 66 பேர் கையில் அரசியலமைப்பைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டார்கள்.

அந்த மாநாட்டுக்கு அடுத்து 2016-இல் வந்த குடிமக்கள் பேரவையில் அரசியல்வாதிகளே இல்லை: 99 குடிமக்கள், தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபாய். அரசியல் கட்சிகள் கை வைக்க அஞ்சிய கருக்கலைப்புப் பிரச்சினை அவர்களிடம் வந்தது. தடையைத் தளர்த்தச் சொன்ன அவர்களுடைய பரிந்துரை நாடாளுமன்றக் குழு வழியாகப் போய், 2018 மே 25-இல் வாக்கெடுப்பாகி, 66.4 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதே 2018-இன் தொடக்கத்தில் ஒரு தவறும் வெளிப்பட்டது. ஆள் சேர்க்கும் பணியில் இருந்த ஒருவர், விதிப்படி வீடு வீடாகப் போகாமல் தெரிந்தவர்கள் மூலம் ஏழு பேரைச் சேர்த்திருந்தார். பேரவை அதை மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாக அறிவித்து ஏழு பேரையும் நீக்கியது.

பொறி எப்போதும் ஓடவில்லை. 2024 மார்ச் 8-இல் குடும்பம், பராமரிப்பு பற்றிய இரண்டு திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. இவற்றுக்கு அடிப்படை இன்னொரு குடிமக்கள் பேரவையின் பரிந்துரைதான், ஆனால் அரசு முன்வைத்த வாசகம் பேரவை கேட்டதிலிருந்து விலகியிருந்தது. 67.7 சதவீதம், 73.9 சதவீதம் எதிர்ப்போடு இரண்டும் தோற்றன. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மேசையில் எழுதியதும் வாக்குச்சீட்டில் அச்சானதும் வேறுபடும்போது, நடுவில் இருந்த இணைப்பு கழன்றுவிடுகிறது.

என்னை அதிகம் வருத்துவது அதற்கும் முந்தைய ஒரு நிகழ்வு. 2013 ஜனவரியில் முதல் மாநாடு, வாக்களிக்கும் வயதைக் குறைக்கலாம் என்று 52 சதவீத ஆதரவோடு பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டு, அதை 16 ஆக்குவதற்கு 2015 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னது. 2015 தொடக்கத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது ஒரு விடை. அவர்களிடம் கேட்கவே இல்லை. அயர்லாந்தில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் வயது இன்றும் 18.